ஊசியைக் கொடுத்தீர்கள், கூட ஒரு ஆளையும் கொடுங்கள்

பெறுநர்: மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகள் மற்றும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் துறைத் தலைவர்கள், தமிழ்நாடு.

பொருள்: எம்.எஸ். நோய்க்கு வீட்டில் தாங்களே ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குத் துணை கேட்டு.

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

நான் திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். வயது 36. 2016-இல் எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள், எங்களுக்குள் எம்.எஸ். என்றுதான் பேச்சு. ஒன்பது வருடமாக எனக்கு நானே ஊசி போட்டுக்கொள்கிறேன். எண்ணிப் பார்த்தால் 1,500-க்கு மேல் வரும். முதல் ஊசியைத் தவிர வேறு எதையும் ஒரு செவிலியர் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நோயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது எல்லோரும் படிக்கிற மடல் என்பதால் நாலு வரி. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும், தண்டுவடத்திலும், கண் நரம்பிலும் உள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்கி அரிக்கிறது. கரண்ட் வயரின் ரப்பர் உரிந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். எந்த இடத்தில் உரிகிறதோ அதைப் பொறுத்து ஒருவருக்குப் பார்வை மங்கும், இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகும், வேறொருவருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. பெரும்பாலும் 20-க்கும் 40-க்கும் நடுவில், படிப்பு, வேலை, கல்யாணம் என்று இருக்கும் வயதில் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். உலகம் முழுக்க ஏறக்குறைய 28 லட்சம் பேருக்கு இருப்பதாக 2020-இல் கணக்கெடுத்திருந்தார்கள்.

முழுதாகக் குணமாக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆனால் தாக்குதல் அடிக்கடி வராமல் குறைக்கிற மருந்துகள் இருக்கின்றன. அந்த வகையில் முதலில் வந்தது இன்டர்ஃபெரான் பீட்டா-1பி. 1993-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 1996-இல் இன்டர்ஃபெரான் பீட்டா-1ஏ, அதே வருடம் கிளாட்டிராமர். 2020-இல் மாதம் ஒருமுறை போடும் ஒஃபாட்டுமுமாப். இவை எல்லாமே ஊசிதான், வீட்டில் நோயாளியே போட்டுக்கொள்வதற்கென்று வந்தவை. மாத்திரைகளும் இப்போது இருக்கின்றன, உண்மைதான். ஆனால் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்ணுக்கு டாக்டர்கள் இன்னமும் பெரும்பாலும் இந்தப் பழைய ஊசிகளைத்தான் நம்புகிறார்கள். எனக்கும் அப்படித்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு முதலில் போனது வலது கண். ஒருநாள் காலையில் கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தெல்லாம் பழுப்பாகத் தெரிந்தது. கண்ணை அசைத்தால் வலி. எம்.ஆர்.ஐ., முதுகில் நீர் எடுத்துப் பார்த்தது, ஐந்து நாள் ஸ்டீராய்டு டிரிப் எல்லாம் முடிந்தபின் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. வீட்லயே போட்டுக்கலாம்மா. சுகர் பேஷண்ட்ஸ் எல்லாம் போட்டுக்கறாங்கல்ல, அந்த மாதிரிதான்.” சிஸ்டர் ஒருவர் வந்து பொடி மருந்தைத் திரவத்தில் கலக்கிக் காட்டினார், என் தொடையில் குத்தினார், “அவ்வளவுதான்” என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நான் இருந்த மனநிலையில் அவர் சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை. பக்கவாதம் வந்துவிடுமா, வேலைக்குப் போக முடியுமா என்றே மனசு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அந்த அறைக்குள் வரவே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

இரண்டாவது ஊசி வீட்டில். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, துணி விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். மருந்தைக் கலக்கினேன். குலுக்கக் கூடாது, மெதுவாகச் சுழற்ற வேண்டும் என்பது நினைவில்லை. இருமல் மருந்து மாதிரி குலுக்கிவிட்டேன், நுரைத்துப்போனது. நுரை அடங்கட்டும் என்று அரைமணி நேரம் காத்திருந்தேன். அப்புறம் சிரிஞ்சில் ஒரு காற்றுக் குமிழி. சினிமாவில் காற்றூசி போட்டு ஆளைக் கொல்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் குமிழியை வெளியேற்ற விரலால் தட்டித் தட்டி மருந்தில் ஒரு பங்கைத் தரையில் சிந்தினேன். தோலுக்கடியில் போடும் ஊசியில் அந்தச் சின்னக் குமிழியால் ஒன்றும் ஆகாது என்பதை யாராவது ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தால் போதும். மணி பதினொன்று ஆகிவிட்டது. ஊசியைத் தொடைக்கு மேலே பிடித்தபடி, குத்த மனசு வராமல், கை வெடவெடவென்று நடுங்கியது. அவர், என் வீட்டுக்காரர், “நான் போடட்டுமா?” என்று கேட்டார். அவர் கையும் நடுங்கியதைப் பார்த்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நானே குத்தினேன்.

இரவு ஒரு மணிக்குக் குளிர் ஜுரம். மூன்று போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாள் மறுபடி ஊசி, மறுபடி ஜுரம். இரண்டு மாதம் இப்படியே போனது. இந்த மருந்தை முதலில் கால் பங்கு அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆறு வாரம் கழித்துத்தான் முழு அளவுக்கு வர வேண்டும் என்று மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளிலேயே போட்டிருக்கிறது. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். ஒரு கண் மங்கலாக இருந்தவள் அதை எப்படிப் படிப்பேன்? ஊசிக்கு முன்னால் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம், படுக்கப்போகும் நேரத்தில் ஊசி போட்டால் ஜுரத்தைத் தூக்கத்திலேயே கழித்துவிடலாம் என்பதையெல்லாம் ஏழாவது வாரம், டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அக்காதான் சொன்னார். அவரும் எம்.எஸ்.தான். அந்த அக்கா என் தொடையைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, ஒரே இடத்துலயே குத்தி வச்சிருக்க” என்று கேட்டது இன்றைக்கும் காதில் இருக்கிறது. வலது கைப்பழக்கம் உள்ளவளுக்கு வலது தொடைதான் வசதி. அதனால் அங்கேயே போட்டுக்கொண்டிருந்தேன். தோல் சிவந்து, தடித்து, கல் மாதிரி ஆகியிருந்தது. இரண்டு தொடை, வயிறு, இரண்டு கை, இடுப்புக்குப் பின்புறம் என்று இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும், தொப்புளைச் சுற்றி விட்டுவிட வேண்டும் என்று அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். எனக்கு வாய்த்த செவிலியர் அவர்தான்.

அன்றிலிருந்து எங்கள் சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில் குறித்து வைக்கிறேன். “வ.தொ.” என்றால் வலது தொடை. “இ.வ.” என்றால் இடது வயிறு. தாளைக் கிழித்ததும் கீழே போடுவதில்லை, ஒரு கிளிப்பில் சேர்த்து வைக்கிறேன். பிரதோஷம், ராகு காலம், என் இடது வயிறு எல்லாம் ஒரே தாளில் இருக்கும். இந்த நோயில் மறதியும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று எங்கே போட்டேன் என்று நினைவில்லாமல் நிற்பது சாதாரணம்.

மருந்தைக் குளிரில் வைப்பது இன்னொரு பாடு. இந்த ஊசிகளில் பெரும்பாலானவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. எங்கள் ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்கும் கறிவேப்பிலை டப்பாவுக்கும் நடுவில், ஒரு மூடி போட்ட டப்பாவில் என் மருந்து இருக்கும். மாமியார் ஒருமுறை நல்லெண்ணத்தில் “மேலே வச்சா நல்லா சில்லுனு இருக்கும்” என்று அதை ஃப்ரீசருக்குள் வைத்துவிட்டார். ஒரு மாத மருந்து போயிற்று. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. எனக்கே யாரும் சொல்லாதபோது அவருக்கு யார் சொல்வார்கள்? கத்திரி வெயிலில் திருச்சியில் 40 டிகிரி தாண்டும். கரண்ட் போனால் மருந்துக்கு என்ன ஆகும், எத்தனை மணி நேரம் தாங்கும், ஊருக்குப் போகும்போது எப்படி எடுத்துப்போவது? மருந்துக்கு மருந்து விதி வேறு. கிளாட்டிராமரை 30 டிகிரி வரை ஒரு மாதம் வெளியே வைக்கலாம். எல்லாவற்றுக்கும் அப்படி இல்லை. 30 டிகிரி என்பதே எங்கள் ஊரில் மே மாதத்துக் காலை வெயில். இந்தச் சந்தேகத்துக்கெல்லாம் போன் போட்டுக் கேட்க ஒரு எண் எங்களிடம் இல்லை. மெடிக்கல் ஷாப் தம்பியைக் கேட்பேன். அவர் பாவம், தெரிந்ததைச் சொல்வார்.

குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தபோது, 2019-இல் கிளாட்டிராமருக்கு மாறினேன். ஜுரம் நின்றது, அது பெரிய விடுதலை. ஆனால் தொடங்கி ஏழு மாதம் கழித்து ஒரு ராத்திரி, ஊசி போட்டு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, முகம் அனல் அடித்தது. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது. இதயம் படபடவென்று அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். என் வீட்டுக்காரர் கீழ் வீட்டில் இருப்பவர் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார். போய்ச் சேர்ந்து ஈ.சி.ஜி. எடுப்பதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. ஈ.சி.ஜி. சரியாக இருந்தது. பணியில் இருந்த இளம் டாக்டர் “டென்ஷன் ஆகியிருப்பீங்க” என்று அனுப்பிவிட்டார். மறுவாரம் என் நரம்பியல் டாக்டரிடம் சொன்னபோது அவர் அமைதியாகச் சொன்னார்: “ஆமா, இந்த மருந்துல சில பேருக்கு அப்படி வரும். தானா போயிடும்.”

அவருக்குத் தெரிந்திருந்தது. மருந்தைப் பற்றித் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. மாதக்கணக்கில் போட்ட பிறகுகூட வரலாம் என்பதும் தெரிந்ததுதான். எனக்கு மட்டும் தெரியாது. அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு ஊசியையும் மரண பயத்தோடு போட்டேன். இரண்டு மாதம் நிறுத்தியே வைத்திருந்தேன். டாக்டரிடம் பொய் சொன்னேன்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கிளாட்டிராமருக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கை ஒன்றைச் சேர்க்கச் சொன்னது. அரிதாகச் சிலருக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், முதல் ஊசியிலும் வரலாம், வருடக்கணக்கில் போட்ட பிறகும் வரலாம் என்பது அதன் சாரம். அப்படியானால் “தானா போயிடும்” என்று சொல்லி நிறுத்துவதும் போதாது. கொஞ்ச நேரத்தில் அடங்கும் படபடப்பு எது, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டிய மூச்சுத்திணறலும் மயக்கமும் தடிப்பும் எது என்று வித்தியாசத்தை யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும், நோயாளிக்கு மட்டுமல்ல, வீட்டில் கூட இருப்பவருக்கும். இரவு பதினொரு மணிக்குக் காரை எடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போவது அவர்தான்.

நான் படித்தவள், நகரத்தில் இருக்கிறேன், சம்பளம் வருகிறது, துணைக்கு ஆள் இருக்கிறது. எனக்கே இந்தப் பாடு. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வரும் ஒரு தம்பியை அதே காத்திருப்பு அறையில் சந்தித்தேன். 24 வயது. விரல்கள் மரத்துப்போய் சட்டைப் பொத்தானைப் போடவே சிரமப்படுவார். அந்த விரல்களால் சின்னச் சிரிஞ்சைப் பிடித்து, மறுகையால் தோலைக் கிள்ளி, நேராகக் குத்தி, பத்து நொடி பிடித்திருக்க வேண்டும். அம்மாவுக்கு ஊசி என்றாலே மயக்கம். பக்கத்து ஊரில் ஊசி போடுகிற ஒருவரிடம் போனால், “இது என்ன மருந்துனு தெரியல, நான் தொடமாட்டேன்” என்றாராம். மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டார். மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்தவில்லை, போட்டுவிட ஆள் இல்லை என்று நிறுத்தினார். அடுத்த முறை பார்த்தபோது இடது காலை இழுத்துக்கொண்டு நடந்தார். ஊசி போட்டுக்கொண்டே இருந்திருந்தால் அது வந்திருக்காது என்று நான் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் வராமல் இருக்க அவருக்கு ஒரு வாய்ப்புக்கூட மிஞ்சவில்லை.

அந்தத் தம்பியை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்ன கேட்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவிலும் இந்த ஊசிகளைச் சொல்லித்தர ஒரு செவிலியரை நியமியுங்கள். புதுப் பதவிகூட வேண்டாம். இருப்பவர்களில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, வாரத்தில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கினால் போதும். அவர் முதல் ஊசியைப் போட்டுக் காட்டட்டும். இரண்டாவதை நோயாளி போடும்போது பக்கத்தில் உட்காரட்டும். முக்கியமானது அந்த இரண்டாவது ஊசிதான். போடுவதைப் பார்ப்பதற்கும் போட்டுப் பழகுவதற்கும் உள்ள தூரம் எங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் இரண்டாம் நாள் ஒரு போன், ஒரு வாரம் கழித்து ஒரு போன், ஒரு மாதம் கழித்து ஒரு போன். “எங்கே போட்டீங்க? சிவந்திருக்கா? தூங்கினீங்களா? மனசு எப்படி இருக்கு?” இந்த நாலு கேள்வி. கடைசிக் கேள்வியை நான் சும்மா சேர்க்கவில்லை. இன்டர்ஃபெரான் போடுகிறவர்களுக்கு மனச்சோர்வு வரலாம் என்று மருந்துத் தாளிலேயே இருக்கிறது. எனக்கு வந்தது. அது மருந்தாலா, நோயாலா, வாழ்க்கையாலா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாமல் ஐந்து மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

பிரிட்டனில் எம்.எஸ். நோயாளிகளுக்கென்றே பயிற்சி பெற்ற சிறப்புச் செவிலியர்கள் இருக்கிறார்கள். வேறு நாட்டோடு ஒப்பிட்டால் “அங்கே பணம் இருக்கிறது” என்று பதில் வரும், தெரியும். அதனால் நம் ஊரையே சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் பைகளையும் அதே திட்டத்தில் கொடுக்கிறீர்கள். வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்ள ஒருவரைப் பழக்க முடிகிற துறையால் வீட்டில் ஊசி போட்டுக்கொள்ள எங்களைப் பழக்க முடியாதா? வீடு வீடாகப் போகும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலருக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் இந்த நோயின் பெயரையும் இந்த ஊசிகளின் பெயரையும் ஒரு அரைநாள் பயிற்சியில் சொல்லிக்கொடுங்கள். அந்தத் தம்பியின் ஊரில் “இது எனக்குத் தெரியும், நான் போட்டுவிடுகிறேன்” என்று சொல்ல ஒரே ஒருவர் இருந்திருந்தால் போதுமே.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிக் குளிர்பெட்டியில் வேறு மருந்து வைக்கக் கூடாது என்பது விதி, அதை மீறச் சொல்லவில்லை. இன்சுலின் வைக்கிற ஃபிரிட்ஜில் ஒரு மூலை கொடுத்தால், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவரின் மருந்துக்கு அது போதும். கூடவே ஒரு பக்கத் தாள். பெரிய எழுத்தில், தமிழில், படத்தோடு: எங்கே போடலாம், எப்படி வைக்கலாம், எப்போது பயப்பட வேண்டும், யாரைக் கூப்பிடலாம். 104 மருத்துவ உதவி எண்ணில் பேசுகிறவர்கள் கையிலும் அதே தாள் இருந்தால் ராத்திரி பதினொரு மணிக்கு எங்களுக்கும் ஒரு வழி பிறக்கும்.

அடுத்து, போட்டு முடித்த ஊசி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். முதல் வருடம் பயன்படுத்திய ஊசிகளை மூடி போட்டு, பாலித்தீன் பையில் கட்டி, குப்பையோடு போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் வேறு விதமாகச் சொல்லவில்லை. ஒருநாள் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்கா கதவைத் தட்டினார். இடது கைப் பெருவிரலைத் துணியால் சுற்றியிருந்தார், துணி நனைந்திருந்தது. “இது உங்க வீட்டு ஊசியா கண்ணு?” என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. அவர் பயந்தது விரல் வலிக்காக இல்லை, எனக்கு என்ன நோயோ என்று. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். என் ரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுத்து, எச்.ஐ.வி.யும் இல்லை, மஞ்சள் காமாலைக் கிருமியும் இல்லை என்ற தாளை அவர் கையில் கொடுத்தேன். அவருடைய ரிப்போர்ட் எல்லாம் சரியாக வந்து முடியும்வரை எனக்குத் தூக்கமே இல்லை. எம்.எஸ். தொற்றுநோய் இல்லை என்று அவருக்கு விளக்கிச் சொன்னபோது, “அப்ப உனக்கு என்னதான் கண்ணு?” என்று என் தலையைத் தடவினார்.

2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் வீட்டில் பயன்படுத்திய ஊசியும் சிரிஞ்சும் அபாயகரமான வீட்டுக் கழிவு என்று தெளிவாகவே இருந்தது. அதைச் சேகரிக்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் உள்ளாட்சி அமைப்பு வைக்க வேண்டும் என்றும் இருந்தது. அந்த மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. இப்போது நான் பாத்ரூம் கழுவும் திரவம் வந்த கெட்டியான பாட்டிலில் ஊசிகளைப் போட்டு, நிரம்பியதும் மூடியை டேப் போட்டு ஒட்டி, லேபில் வேலை செய்யும் ஒரு தோழியிடம் கொடுக்கிறேன். அவர் அங்குள்ள மருத்துவக் கழிவோடு சேர்த்துவிடுகிறார். தோழி இல்லாதவர் என்ன செய்வார்? மருந்து வாங்கும் இடத்திலேயே குத்தினாலும் கிழியாத ஒரு டப்பாவைக் கொடுத்து, நிரம்பியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிக்கொள்ள ஒரு உத்தரவு போடுங்கள். அங்கே ஏற்கெனவே ஊசிக் கழிவு தனியாகத்தான் போகிறது. தமிழ்நாட்டில் இன்சுலின் போடுகிற அத்தனை வீட்டுக்கும் இது உதவும்.

“நீங்கள் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு” என்பது எங்களுக்குப் பழகிய பதில். குறைவுதான். ஆனால் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டபோது மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸை அதன் பெயர் சொல்லியே சேர்த்தது. எண்ணிக்கையைப் பார்த்துச் சேர்க்கவில்லை. இந்திய மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் சங்கம் 1985-லிருந்து இயங்குகிறது, சென்னையிலும் கிளை இருக்கிறது. நோயாளிகளின் அனுபவம் அங்கே குவிந்து கிடக்கிறது. கூப்பிட்டால் வந்து பேசுவார்கள். மருந்தின் விலையைப் பற்றித் தனியாக ஒரு மடலே எழுதலாம். வீட்டில் போடும் ஊசிக்கு, ஆஸ்பத்திரியில் சேரவில்லை என்பதால், பெரும்பாலான காப்பீட்டில் பணம் வராது. அதை இங்கே நீட்டவில்லை. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மருந்து ஃபிரிட்ஜில் பிரிக்காமலே கிடந்து காலாவதியாகிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என் வீட்டிலேயே கிடந்திருக்கிறது.

நரம்பியல் டாக்டர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் வெளிநோயாளிப் பிரிவில் எத்தனை கூட்டம் என்று நாங்கள் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் பேச முடியாது, அது உங்கள் தப்பு இல்லை. ஆனால் “ஊசி போடறீங்கல்ல?” என்று கேட்பதற்குப் பதிலாக “இந்த மாசம் எத்தனை ஊசி விட்டுப்போச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு எல்லோரும் தலையாட்டுவோம். இரண்டாவது கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடுவோம். பயத்தில் விட்டேன், குத்த இடமே இல்லை, கரண்ட் போய் மருந்து கெட்டுவிட்டது, மாமியார் வீட்டில் யாருக்கும் தெரியாது அதனால் அங்கே போனால் போடுவதில்லை. கடைசியாகச் சொன்னது நிறையப் பெண்களின் கதை. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லாமல் மறைத்து, பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே போட்டுக்கொள்கிற பெண்களை எனக்குத் தெரியும். மாத்திரை என்றால் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடலாம். ஊசியை அப்படி ஒளிக்க முடியாது.

என் மகளுக்கு இப்போது நாலு வயது. ஊசியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சில்லென்று குத்தினால் எரியும் என்பதால், அரைமணி நேரம் மேஜையில் வைப்பேன். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, “அம்மா, இன்னும் சூடாகலையா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். குத்தும்போது ஒன்று முதல் பத்துவரை அவள்தான் எண்ணுகிறாள். ஏழு என்பதை எப்போதும் விட்டுவிடுவாள். நான் சேர்த்து எண்ணுவேன். ஒன்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த துணை அவள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீங்கள் அந்தச் செவிலியர் நாளைத் தொடங்கினால், எந்தக் கிழமையாக இருந்தாலும், அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்காருகிறேன். காசு வேண்டாம். புதிதாக ஊசி தொடங்கும் ஒருவருக்கு என் காலண்டர் தாள்களைக் காட்டுவேன், குமிழிக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்வேன், இரண்டாவது ஊசி போடும்போது பக்கத்தில் இருப்பேன். பெரம்பலூர்த் தம்பிக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் வருவதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
தனக்குத்தானே ஊசி போட்டுக்கொள்ளும் ஒருத்தி,
திருச்சிராப்பள்ளி.